பெட்டகத்தில் கிடந்த படச்சுருள்: வாசகர் கேள்வி – பதில்

நினைவையும் பழைய ஆவணங்களையும் வைத்துக்கொண்டு வீடியோவும் நிகழ்த்துகலையும் செய்கிற கலைஞர்களைப் பற்றிப் போன இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். பழையதைச் சேர்த்துவைத்த ரோஜா முத்தையாவையும் ஏ.கே. செட்டியாரையும் அவர்களோடு சேர்த்துப் பேசியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து. வீட்டுக்கு ஒரு பூட்டிய அறையாவது இருக்கிற ஊர்கள், சாவி எந்தப் பங்காளியிடம் இருக்கிறது என்பதில்தான் தகராறு, ஆகவே எனக்கு ஆச்சரியமில்லை. நீளமான கடிதங்களைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

மகன் கொச்சி பினாலே கலைக் கண்காட்சிக்குக் கூட்டிப் போனான். ஓர் இருட்டறையில் சுவர் முழுக்க ஒரு பெண் சேலையை மடித்துக்கொண்டே இருக்கிறாள். கால் மணி நேரம் நின்றேன், மடித்து முடிக்கவே இல்லை. கதையும் கிடையாது, முடிவும் கிடையாது. இதில் என்னத்தைப் பார்ப்பது?
— ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

கால் மணி நேரம் நின்றதே பெரிது ஆச்சி. நிறையப் பேர் எட்டிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். நீங்கள் பார்த்தது யாருடையது என்று கடிதத்தில் இல்லை. ஆனால் சேலை என்றதும் எனக்கு நளினி மலானி செய்த ஒன்றுதான் ஞாபகம் வருகிறது. 1946ல் கராச்சியில் பிறந்து, பிரிவினையின்போது குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்தவர். இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டு வெடித்துப் பார்த்த 1998ஆம் ஆண்டு, உருது எழுத்தாளர் மண்ட்டோவின் பிரிவினைக் கதையொன்றை மனதில் வைத்து ‘ரிமெம்பரிங் டோபா டேக் சிங்’ என்று ஒரு வீடியோ அமைப்பைச் செய்தார். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு பெண்கள், ஆளுக்கொரு முனையாக ஒரே சேலையை மடிக்கப் பார்க்கிறார்கள், நாம் நடுவில் நிற்கிறோம். தரையில் தகரப் பெட்டிகள், ஊரைவிட்டு ஓடுகிறவர்கள் தூக்கிக்கொண்டு போவார்களே அந்த மாதிரி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு டிவி ஓடுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி நின்றுகொண்டு ஒரு சேலையை எப்படி மடிப்பது? ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு 1942ல் காடு மலை தாண்டி நடந்தே வந்தவர்கள் வாழ்ந்த வீடுகளில் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

உங்கள் வீட்டுப் படைப்பை நினைத்துப் பாருங்கள். பேழையைத் திறந்து, முன்னோர் ஞாபகமாக வைத்திருக்கும் துணியை வெளியில் எடுத்து, இலை போட்டு, பங்காளிகள் எல்லாரும் விழுந்து கும்பிட்டு, மறுபடி உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். அப்போது யாரும் கதை என்ன, முடிவு என்ன என்று கேட்பதில்லை. செய்கிற காரியத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கும்போது நமக்குள்ளே என்னவோ ஓடுகிறது இல்லையா, அந்த இருட்டறையிலும் அதற்குத்தான் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம். வாசலில் ஒட்டியிருக்கிற சீட்டில் எத்தனை நிமிடம் என்று போட்டிருப்பார்கள், ஒரு சுற்று முழுதாகப் பார்த்துவிட்டால் போதும்.

அதே சமயம் இதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா இருட்டறையும் கர்ப்பகிருகம் ஆகிவிடாது. நான் நின்று பார்த்ததில் பாதி, வெறுமனே மெதுவாக ஓடுகிற வீடியோக்கள்தான். உங்களுக்கு அலுத்தால் தப்பு உங்கள் பேரில்தான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பாகம் பிரித்ததில் எங்கள் பங்குக்கு ஓர் இரும்புப் பெட்டி வந்தது. உள்ளே ஏழெட்டுச் சின்னப் படச்சுருள்கள். ஐயா மலேயாவில் இருந்தபோது எடுத்தவை என்கிறார்கள். டப்பாவைத் திறந்தால் புளித்த வாடை. பழைய புரொஜெக்டரும் இருக்கிறது. ஓட்டிப் பார்க்கலாமா?
— தேவகோட்டை வாசகர்

ஓட்டாதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும், ஆனாலும் வேண்டாம். அந்தப் புளித்த வாடை வினிகர் வாடை. அசிடேட் படச்சுருள் வெக்கையிலும் ஈரத்திலும் பல வருடம் கிடந்தால் அதுவே சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விட ஆரம்பிக்கும். சுருள் சுருங்கும், வளையும், கடைசியில் உடையும். சுருங்கிய சுருளைப் பழைய புரொஜெக்டரில் மாட்டினால் அதன் பற்கள் ஓரத்துத் துளைகளைக் கிழித்துவிடும், பல்பு சூட்டில் பொசுங்கவும் செய்யும். இந்த வாடை பக்கத்துச் சுருளுக்கும் தொற்றுகிற நோய், அதனால் நாறுகிற டப்பாக்களை முதலில் தனியே எடுத்து வையுங்கள். இரும்புப் பெட்டியும் வேண்டாம், மச்சும் வேண்டாம். கீழ்க்கட்டில் காற்றோட்டமான, குளிர்ச்சியான அறை ஏதாவது இருக்கும், அங்கே வையுங்கள். அந்துருண்டையைப் போட்டுவிடாதீர்கள், நம் ஊரில் எதை எடுத்து வைத்தாலும் கூடவே நாலு அந்துருண்டை போடுகிற பழக்கம் இருக்கிறது.

ஓரத்தில் துளை பெரிதாக இருந்தால் அது பழைய எட்டு மில்லிமீட்டர், 1932ல் வந்த வகை. துளை சின்னதாக இருந்தால் சூப்பர் எட்டு, அது 1965க்குப் பிறகுதான் வந்தது. ஐயா எந்தக் காலத்தில் எடுத்தார் என்பதற்கு இதுவே ஒரு துப்பு. உள்ளங்கையில் அடங்குகிற சின்னச் சுருள் 50 அடி இருக்கும், மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடாது. அதை ஓட்டாமல், ஒவ்வொரு கட்டமாக ஸ்கேன் எடுத்துத் தருகிறவர்களிடம் கொடுங்கள். ‘டிஜிட்டல் செய்கிறோம்’ என்று போர்டு போட்டிருக்கிற எல்லாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நான் பட்டிருக்கிறேன். எங்கள் ஐயாவின் சாந்திக் கல்யாண வீடியோ கேசட்டை ஒரு கடையில் கொடுத்தேன், பூஞ்சை பிடித்த நாடாவைத் துடைக்காமலே மாட்டி ஓட்டியிருக்கிறார்கள், அப்பச்சி பேசுகிற இடத்தில் சரியாக அறுந்து வந்தது. இன்றைக்கும் அந்த இடத்தில் ஒரு நிமிடம் வெறும் கோடுகள்தான் ஓடும்.

ஸ்கேன் வந்ததும் முதல் தடவை பார்க்கும்போது வீட்டில் மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் பேசுவதை செல்போனில் பதிந்துகொள்ளுங்கள். “இது பினாங்கு கிட்டங்கி”, “இந்தப் பெட்டியடிப் பையன் பின்னால் பெரிய ஆளாகிவிட்டான்” என்று அந்த முதல் பார்வையில் வருகிறது இரண்டாவது தடவை வராது. பெங்களூரில் ஆயிஷா ஆப்ரஹாம் என்ற கலைஞர் இப்படி வீடுகளில் கிடந்த படச்சுருள்களைத் தேடித்தேடி எடுத்துப் படம் செய்கிறவர். அவருடைய ‘ஸ்ட்ரெய்ட் 8’ (2005), டாம் டி’அகியர் என்கிற, தொழில்முறைக் கலைஞராக இல்லாத ஒரு மனிதர் சொந்த ஆசைக்கு எடுத்துவைத்த படங்களிலிருந்து உருவானது. பிறந்தநாள், பிக்னிக், தெரு என்று யாரோ விளையாட்டாக எடுத்ததுதான், ஆனால் அந்த நகரத்தில் ஜனங்கள் எப்படி நடந்தார்கள், எப்படி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ரோஜா முத்தையா, ஏ.கே. செட்டியார் இரண்டு பேரும் எங்கள் ஊர். அவர்கள் பழையதைச் சேர்த்தார்கள், சரி. இந்தக் காலத்து வீடியோ கலைஞர்களோடு அவர்களை எப்படி முடிச்சுப் போடுகிறீர்கள்?
— கோட்டையூர் வாசகர்

முடிச்சை நான் போடவில்லை, ஏ.கே. செட்டியார் 1937லேயே போட்டுவிட்டார். ரங்கூனில் ‘தன வணிகன்’ பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர், ஜப்பானிலும் நியூயார்க்கிலும் கேமரா படித்தவர், அந்த வருடம் அக்டோபர் 2ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது காந்தியைப் பற்றி ஒரு படம் எடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இருபதுகளின் நடுவில்தான் வயது. ஆனால் காந்தியின் கடந்த காலத்தை இனிமேல் போய்ப் படம் பிடிக்க முடியுமா? தென்னாப்பிரிக்காவில் நடந்ததும் லண்டனில் நடந்ததும் முடிந்துபோன கதை. ஆகவே அவற்றை ஏற்கெனவே யார் யார் எடுத்திருக்கிறார்களோ அவர்களையெல்லாம் தேடிக்கொண்டு உலகத்தைச் சுற்றினார். செய்திப்படக் கம்பெனிக் கிடங்குகளில் போய் நின்றார், தனியாரிடம் கேட்டார். இப்படிச் சேர்ந்தது 50,000 அடி. அதிலிருந்து தேர்ந்தெடுத்து ஒட்டி 1940ல் தமிழ்ப் படமாக வெளியிட்டார். அடுத்தவர் எடுத்த பழைய துண்டுகளைப் பொறுக்கி வேறொன்றாகக் கோப்பதை இன்றைக்குப் பெரிய கலைவிழாக்களில் தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். நம்ம ஆள் அதைக் கப்பல் டிக்கெட் எடுத்துக்கொண்டு செய்தார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. உலகம் முழுக்க அலைந்து சேர்த்தவரின் படமே தொலைந்துபோனது. 1953ல் அமெரிக்காவில் அதைச் சுருக்கி ஆங்கிலக் குரல் போட்டு வெளியிட்டிருந்தார்கள், பல வருடம் கழித்து ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போனபோது அமெரிக்காவில் கைக்குக் கிடைத்தது அந்த ஆங்கில வடிவம்தான். தமிழில் பேசிய படம் வேறு நாட்டுக் குரலில் திரும்பி வந்திருக்கிறது. வெட்டின இடங்களில் என்ன இருந்தது, தமிழில் அதை எப்படிச் சொல்லியிருப்பார்? இளைஞர் யாராவது அந்த இடைவெளிகளை வைத்தே ஒரு வீடியோ செய்யலாம், நான் சும்மா சொல்லவில்லை.

ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகத்தோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் கசக்கிப் போடுகிறதையும் சேர்த்தார். 1992ல் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, கடல் தாண்டிக் கொண்டுபோகாமல், 1994ல் சென்னையிலேயே நூலகமாக வைக்க உதவியது. கோட்டையூர்க்காரர்கள் ஒருதடவை அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

பேச்சோடு பேச்சாக இன்னொன்று. 1947ல் வந்த ‘நாம் இருவர்’ காரைக்குடியில் எடுத்தது. ஏ.வி. மெய்யப்பன் அடுத்த வருடம் கோடம்பாக்கத்துக்குப் போகும்வரை ஸ்டூடியோ இங்கேதான் இருந்தது. இதைச் சொன்னால் காரைக்குடிப் பையன்களே நம்புவதில்லை.

கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறேன். எங்கள் பாட்டையா ரங்கூனில் வட்டிக்கடை மேலாளாக இருந்தவர். அவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு, வளவில் உட்கார்ந்து, அவர் எழுதிய பேரேட்டை ஒரு மணி நேரம் சத்தமாக வாசித்து அதை வீடியோ எடுக்கலாம் என்று இருக்கிறேன். ஐடியா எப்படி அண்ணே?
— மாணவர், காரைக்குடி

நல்ல ஐடியா தம்பி, ஆனால் பாதியில் நிற்கிறது.

தாத்தா வேஷம் போடுவது புதிதில்லை. நிகழ்த்துகலைஞர் நிகில் சோப்ரா தன் தாத்தாவை வைத்து ‘யோக் ராஜ் சித்ரகார்’ என்று ஒரு பாத்திரம் உண்டாக்கி, அந்த உடுப்பில் நாள் கணக்கில் மக்கள் முன்னால் இருப்பார், சாப்பிடுவார், தூங்குவார், கரியால் சுவரளவு படம் வரைவார். பின்னாளில், 2019ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஒன்பது நாள் இப்படி இருந்தார். புஷ்பமாலா இன்னொரு ரகம். புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த புகைப்படத் தொடரில், ரவிவர்மா லட்சுமியாகவும், பழைய தமிழ்ப் பட ஸ்டில்லில் ஜெயலலிதா நிற்பது போலவும், வெள்ளைக்காரர்கள் ‘பழங்குடிப் பெண்’ என்று அளவுகோல் வைத்து எடுத்த படம் போலவும் தானே நின்றார். நம் வீட்டு முகப்பில் மாட்டியிருக்கிற அதே லட்சுமிதான். ஆனால் அந்த முகத்துக்குள்ளிருந்து ஒரு பெண் நம்மைத் திருப்பிப் பார்க்கும்போது, இத்தனை வருடம் நாம் யாரைக் கும்பிட்டோம், யாரை அளந்தோம் என்று கொஞ்சம் தடுமாறுகிறது. வேஷத்தில் அந்தத் தடுமாற்றம் வரவில்லை என்றால் அது பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிதான்.

இப்போது உன் பேரேட்டுக்கு வருகிறேன். அதில் வரவு பற்று எழுதிய பெயர்களில் பர்மாக்காரர் பெயர்கள் இருக்கும். அவர்கள் யார்? 1930களில் நெல் விலை விழுந்தபோது கடனுக்கு ஈடாக நிலம் கைமாறி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி செட்டியார்கள் பேரில் இருந்தது. நம் வீட்டுத் தேக்குத் தூணைப் பெருமையாகத் தட்டிக் காட்டுகிறோமே, அதற்கு இன்னொரு பக்கம் இது. இன்னொன்று, பாட்டையா சம்பளச் சீட்டு என்கிற வேலை ஒப்பந்தத்தை எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று வருடம் கடல் தாண்டிக் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் பார்க்கப் போன நாளில், இங்கே வீட்டில் இருந்த ஆயா, உன் பாட்டையாவின் மனைவி, என்ன செய்துகொண்டிருந்தார்? பேரேட்டில் அவருக்கு வரி கிடையாது. அவர் கையால் எழுதியது ஒரு கடிதமோ, சாமான் கணக்கோ வீட்டில் எங்காவது இருக்கும், தேடு. கோட்டு உன்னிடம் இருக்கிறது, பேரேடு இருக்கிறது, அந்தப் பக்கத்து ஆட்கள் இல்லை. அவர்களை எப்படி அறைக்குள் கொண்டுவருவாய் என்பதுதான் உன் வேலை. வாசிக்க வேறு ஆளைக் கூப்பிடலாம், ஒவ்வொரு பர்மியப் பெயருக்கும் வாய் வராமல் நீ திக்குவதை வெட்டாமல் அப்படியே வைக்கலாம்.

முடிந்தால் வீடியோ கலைஞர் அமர் கன்வர் செய்த ‘தி டோர்ன் ஃபர்ஸ்ட் பேஜஸ்’ (2004–2008) பற்றிப் படி. மாண்டலேயில் கோ தான் டே என்று ஒரு புத்தகக் கடைக்காரர். ராணுவ அரசு தன் கோஷங்களை எல்லாப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் அச்சிட வைத்தது, இவர் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தை விற்றார், அதற்காகச் சிறைக்குப் போனார். கன்வர் பல வீடியோக்களைத் தொங்குகிற காகிதத் தாள்களின் மேலேயே ஓட விடுகிறார். காகிதத்தை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று உனக்கு அதில் பிடிபடும்.

அப்புறம், வாசிப்பதற்கு முன் பங்காளிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. யார் யாருக்குக் கடன் கொடுத்தார் என்பது நூறு வருடம் ஆனாலும் நம் ஊரில் பழைய செய்தி ஆகாது.

எங்கள் வீட்டை அடிக்கடி சினிமா ஷூட்டிங்குக்கு விடுகிறோம். அதுவும் வீட்டைப் பதிவுசெய்து வைப்பதுதானே?
— கானாடுகாத்தான் வாசகர்

வாடகை வருகிறது, ஓடு மாற்ற உதவுகிறது, நல்லது. ஆனால் அந்தப் படங்களில் உங்கள் வீடு எப்போதும் வேறு ஊர் ஜமீன்தார் வீடாகவே நடிக்கிறது. ஷூட்டிங் இல்லாத ஒரு நாளில், காலையில் கதவு திறப்பதிலிருந்து இரவு பூட்டுவது வரை நீங்களே ஒரு தடவை எடுத்து வையுங்கள்.

சிங்கப்பூரிலிருக்கும் மருமகன் எங்கள் அப்பத்தாவின் பழைய போட்டோவை ஏஐயில் போட்டு, கண் சிமிட்டிச் சிரிக்கிற மாதிரி குடும்ப வாட்ஸப்பில் அனுப்பினார். எல்லாரும் அழுதார்கள், எனக்கு மட்டும் பயமாக இருந்தது. அப்பத்தா சிரித்து நான் பார்த்ததே இல்லை. இதுவும் கலையா?
— வாசகி, புதுவயல்

உங்கள் பயம் நியாயமானது. அந்தச் சிரிப்பு உங்கள் அப்பத்தாவுடையது கிடையாது. வேறு ஆயிரக்கணக்கானவர்கள் சிரித்ததிலிருந்து மெஷின் எடுத்து ஒட்டியது.

பழைய படத்தை அசைய வைப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். 1911ல் கல்கத்தா சர்வே அலுவலகத்தில் ஆட்கள் குனிந்து வேலை பார்க்கிற ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டு, ரக்ஸ் மீடியா கலெக்டிவ் என்ற டில்லிக் கலைஞர் குழு 2011ல் ஒரு வீடியோ செய்தது. மின்விசிறி மெல்லச் சுற்றும், வெளிச்சம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். பார்க்கிறவருக்கு நிஜமாகவே அசைந்ததா, நமக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று சந்தேகம் வரும். செத்தவர்களை எழுப்பிவிட்டோம் என்று அது சொல்லிக்கொள்வதில்லை.

அந்தக் காலத்து ஸ்டூடியோ போட்டோவில் விறைப்பாக உட்கார்ந்திருப்பதும் சும்மா வந்ததில்லை. எந்தச் சேலை, எந்த நகை, கையை எங்கே வைப்பது, பின்னால் எந்தத் திரை என்று யோசித்துச் செய்தது. சிரிக்காமல் இருந்ததும் அதோடு சேர்ந்ததுதான். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டூடியோ போட்டோக்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது, அவற்றை வரிசையாகப் பார்த்தால் அந்த முகங்களில் எவ்வளவு தீர்மானம் இருக்கிறது என்று தெரியும். மருமகனிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், பாசத்தில் செய்திருக்கிறார். அசல் போட்டோவைத் தனியாக ஸ்கேன் செய்து வையுங்கள், பின்பக்கம் மென்மையான பென்சிலால் பெயரையும் ஊரையும் எழுதுங்கள், பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அப்பத்தா சிரிக்காததற்குக் காரணம் தெரிந்தால் அதையும் எங்காவது எழுதி வையுங்கள்.

செட்டியார் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சமையல் வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது. பெட்டகம் கிடையாது, பேரேடு கிடையாது, அம்மாவுக்கு வயசுக் காலத்தில் எடுத்த போட்டோகூட ஒன்று இல்லை. அவர் வேலை பார்த்த வீட்டையும் இடித்துவிட்டார்கள். ஆவணம், நினைவு என்பதெல்லாம் அரண்மனை வைத்திருப்பவர்களுக்குத்தானா?
— காரைக்குடி அருகிலிருந்து ஒரு வாசகர்

மேலே நான் எழுதியதை எல்லாம் திரும்பப் படித்தேன். பெட்டி, சுருள், பேரேடு என்று இருக்கிறவர்களுக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். உங்கள் கேள்வியை முதலில் போட்டிருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனன் 2011ல் ஒரு புத்தகமாகவே ஒரு கலைப்படைப்பைக் கொண்டுவந்தார், பெயர் ‘முழுமையடையாத தோம்பு’. தோம்பு என்றால் இலங்கையில் காலனிக் காலத்து நிலப் பதிவேடு. போரில் வீடிழந்து வந்தவர்களிடம் போய், உங்கள் வீட்டை ஞாபகத்திலிருந்து வரைந்து காட்டுங்கள் என்று கேட்டார். பத்திரம் இருந்தவர்கள், இல்லாதவர்கள் எல்லாரும் வரைந்தார்கள். கிணறு, மாமரம், சாமி அறை, கோடுகள் கோணல்மாணலாக. அதே வீட்டைக் கட்டட வரைபடமாகவும் போட்டுப் பக்கத்தில் வைத்தார். அரசாங்கப் பதிவேட்டில் இல்லாத வீடுகள் இந்தப் பதிவேட்டில் ஏறிவிட்டன.

அந்த வீட்டின் நிலைக்கதவும் தூணும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போயிருக்கும். தூண் என்ன விலைக்குப் போனது என்று யாரிடமாவது கணக்கு இருக்கும். அடுப்பங்கரையிலிருந்து கிணற்றடிக்கு எத்தனை எட்டு, எந்தப் படியில் கால் இடறும், கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்கு வடிக்கும்போது கஞ்சி எந்தப் பக்கம் ஓடும் என்பது உங்கள் அம்மாவுக்குத்தான் தெரியும். அந்த வீட்டு ஆச்சிக்குக்கூட அவ்வளவு தெரிந்திருக்காது.

ஒரு சாக்பீஸ் வாங்கிக் கொடுங்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும், தெருவிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ, அந்த இரண்டாங்கட்டையும் மூன்றாங்கட்டையும் அவர் ஞாபகத்தில் இருக்கிற அளவுக்குத் தரையில் கோடு போடச் சொல்லுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் போட்டாலும் சரிதான். பிறகு காலையில் முதலில் எங்கே போவார், எதை எடுப்பார், எங்கே குனிவார் என்று அந்தக் கோடுகளுக்குள் ஒரு நாள் வேலையை நடந்து காட்டச் சொல்லுங்கள். மாடியிலிருந்து செல்போனில் எடுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். எடுத்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள், வந்து பார்க்கிறேன்.